பரம்பரையலகு பாயுமோ, தம்பி?

“பரம்பரையலகு பாயுமோ, தம்பி? பாய்ஞ்சால் எங்க போய் விழும்?”

மாமா இப்படிக் கேட்டபோது நான் சனிக்கிழமை வகுப்புக்கான நோட்ஸில் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடி வீடு. ரயில் போய் முடியும்வரை பொறுத்திருந்து, பதில் வராததால் மறுபடியும் கேட்டார். மூட்டிவிட்டது என் மகள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். ஏதோ விரிவுரை கேட்டுவிட்டு வந்து, “அம்மப்பா, உங்கட சலப்பைக் கலங்களுக்குள்ள டி.என்.ஏ துண்டுகள் பாய்ஞ்சு திரியுமாம்” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டாள். மனுசன் இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மாமாவுக்குச் சலப்பைப் புற்றுநோய், அதாவது சிறுநீர்ப்பையில். புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் நாற்பது வருடம் கணக்கெழுதியவர். அந்த நாற்பது வருடமும் சிகரட். ஒருநாள் சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனது. நோ ஒன்றும் இல்லை. “சூடு” என்று தானே தீர்ப்பெழுதி, நாலு மாதத்தைச் செவ்விளநீரிலும் வெந்தயத் தண்ணீரிலும் கழித்தார். இடையில் பீற்றூட் மேலும் பழி விழுந்தது. இரத்தம் கட்டிகட்டியாகப் போகத் தொடங்கிய பிறகுதான் எங்களிடம் வாய் திறந்தார். கமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். திரையில் அந்தக் கட்டி தண்ணீருக்குள் கடற்பாசி ஆடுவதுபோல ஆடிக்கொண்டிருந்தது. சுரண்டி எடுத்தாயிற்று. தசைக்குள் இறங்கவில்லை என்று அறிக்கை வந்தது. இப்போது மூன்று மாதத்துக்கொருமுறை அதே கமரா.

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். சொற்கள் நம் இலங்கைப் பாடப்புத்தகத்துச் சொற்கள். தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்கள் கலம் என்றால் செல் என்றும், பரம்பரையலகு என்றால் மரபணு என்றும், நிறமூர்த்தம் என்றால் குரோமோசோம் என்றும், நொதியம் என்றால் என்சைம் என்றும், இழையம் என்றால் திசு என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். இடம்மாறும் இந்தப் பொருட்களை ‘மூலகம்’ என்று எழுத எனக்கு விருப்பமில்லை, இரசாயனப் பாடம்தான் ஞாபகத்துக்கு வரும். துண்டு என்கிறேன். பாயும் துண்டுகள்.

நமக்குள் பாதி நோட்டீசு

கலம் ஒவ்வொன்றிலும் இருக்கும் டி.என்.ஏயை ஒரு பெரிய நோட்ஸ் கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏ, சீ, ஜீ, ரி என்ற நாலே எழுத்துகளால் எழுதிய 300 கோடிக்கு மேற்பட்ட எழுத்துகள். தாயிடமிருந்து ஒரு கட்டு, தகப்பனிடமிருந்து ஒரு கட்டு. புரதம் செய்வது எப்படி என்று நேரடியாகச் சொல்லும் பகுதி அதில் நூற்றுக்கு இரண்டு வீதம்கூட இல்லை. அப்படியானால் மிச்சம்? 2001இல் மனித டி.என்.ஏயின் முதல் முழு வரைவு வெளிவந்தபோது கண்ணை உறுத்திய விடயம் இதுதான்: மொத்தத்தில் ஏறக்குறைய 45 வீதம், ஒருகாலத்தில் தன்னைத்தானே பிரதி எடுத்துப் பரப்பிக்கொண்ட துண்டுகள் விட்டுச்சென்ற பிரதிகள்.

மாமாவின் வயதுக்காரர்களுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு நல்ல வழி இருக்கிறது. கடைகளுக்கும் வீடுகளுக்கும் முன்பு ஒரு நோட்டீசு வரும். கோயிலில் அற்புதம் நடந்தது, இதை நூறு பிரதி அடித்து விநியோகித்தவருக்குப் பத்து நாளில் பணம் வந்தது, கிழித்துப் போட்டவருக்கு வியாபாரம் நட்டம் என்று எழுதியிருக்கும். அந்தக் காகிதத்தில் வேறு சரக்கு எதுவும் கிடையாது. ‘என்னைப் பிரதி எடு’ என்பதே அதன் முழுச் செய்தி. பயத்தில் ஆட்கள் அச்சடித்தார்கள், அது ஊர் ஊராகப் போனது. இப்போது வட்ஸ்அப்பில் போகிறது.

நம் நோட்ஸ் கட்டுக்குள் பாதிக்குக் கிட்டவானது இப்படிப்பட்ட நோட்டீசுப் பிரதிகள். பெரும்பாலானவை பழசாகி, கிழிந்து, எழுத்து மங்கி, யாரும் வாசிக்க முடியாத நிலையில் கிடக்கின்றன. ஒரு சில மட்டும் இன்னும் உயிரோடு.

  

இப்படி இடம்மாறும் துண்டுகளைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி பார்பரா மெக்கிளின்டொக். காலிமுகத்திடலில் அவித்து விற்கும் சோளம் பெரும்பாலும் ஒரே மஞ்சள். அமெரிக்காவில் சில சோளக் கதிர்களில் ஒரே முத்தில் ஊதாப் புள்ளிகளும் வரிகளும் தெளித்தாற்போல் கிடக்கும். நிறத்துக்கான பரம்பரையலகுக்குள் ஒரு துண்டு போய்க் குந்திக்கொண்டால் நிறம் போய்விடுகிறது, சில கலங்களில் அது எழும்பிப் போனதும் நிறம் திரும்பிவிடுகிறது, புள்ளிகள் அதனால்தான் என்று 1940களில் நியூயோர்க்கின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுகூடத்தில் இருந்துகொண்டு அவர் சொன்னார். பரம்பரையலகுகள் மாலையில் கோத்த மணிபோல இருந்த இடத்திலேயே இருக்கும் என்று எல்லோரும் நம்பிய காலம். 1951இல் அவர் அதை விரிவாகப் பேசியபோது சபை குழம்பியதுதான் மிச்சம். நோபல் பரிசு 1983இல் வந்தது. அப்போது அவருக்கு 81 வயது. மருத்துவத்துக்கான அந்தப் பரிசை யாருடனும் பங்கிடாமல் பெற்ற முதல் பெண் அவர்.

போட்டோக்கொப்பிக் கடை

சோளத்தில் அவர் பார்த்தது வெட்டி ஒட்டும் வகை. இருந்த இடத்திலிருந்து எழும்பி வேறிடத்தில் போய் உட்காருவது. மனிதரில் அந்த வகையின் எச்சம் சுமார் 3 வீதம் உண்டு, ஆனால் எல்லாம் செத்த காகிதம். நம்மிடம் இன்னும் உயிரோடு இருப்பவை பிரதி எடுக்கும் வகை. மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும், பிரதிதான் போய்ப் புது இடத்தில் செருகிக்கொள்ளும். ஆகவே ‘பாய்கிறது’ என்ற சொல்லே கொஞ்சம் பிழை. பாய்வது பிரதி.

இவற்றில் தலைவன் லைன்-1. முழு நீளம் சுமார் 6,000 எழுத்து. நம் டி.என்.ஏயில் இதற்கு ஏறக்குறைய 5 இலட்சம் பிரதிகள், மொத்தக் கட்டில் 17 வீதம். மற்ற நோட்டீசுகளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். ‘என்னைப் பிரதி எடு’ என்பதோடு, பிரதி எடுக்கும் மெசினைச் செய்வது எப்படி என்பதும் இதற்குள்ளேயே எழுதியிருக்கிறது.

இது வேலை செய்யும் விதத்தை எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கும் போட்டோக்கொப்பிக் கடையில் வைத்துக் காட்டலாம். உயர்தரப் பிள்ளைகள் நோட்ஸ் அடிக்க வரிசையில் நிற்கும் கடை. முதலில் லைன்-1இன் ஆர்.என்.ஏ நகலொன்று எழுதப்பட்டு, டி.என்.ஏ இருக்கும் கலக் கருவை விட்டு வெளியே வருகிறது. வெளியே அதிலிருந்து இரண்டு புரதங்கள் செய்யப்படுகின்றன. ஒன்று அந்த நகலைக் கசங்காமல் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் உறை. மற்றது பெரியது, ஒரே ஆளிடம் இரண்டு கருவிகள்: ஒரு கையில் கத்தரி, மறு கையில் பிரதி மெசின். மூவரும் ஒன்றாகக் கருவுக்குள் திரும்புகிறார்கள். கத்தரி டி.என்.ஏயின் ஒரு இழையை வெட்டுகிறது. எங்கே வேண்டுமானாலும் இல்லை, ரி என்ற எழுத்து நாலு வரிசையாக வந்து அதன்பின் ஏ வரும் இடம் அதற்கு மெத்தப் பிடிக்கும். காரணம், லைன்-1 நகலின் வால் முழுக்க ஏ ஏ ஏ என்று நீண்டு கிடக்கிறது. ரிக்கு ஏ சோடி. வெட்டுப்பட்ட நுனியும் வாலும் ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டிலிருந்தே மெசின் வாலில் தொடங்கித் தலையை நோக்கி ஆர்.என்.ஏயைப் பார்த்து டி.என்.ஏ எழுதிக்கொண்டு போகிறது.

நோட்ஸைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கத்தை நோக்கி அடிப்பது போல. அடிக்கும்போது கரண்ட் போனால் என்ன நடக்கும்? கடைசிப் பக்கங்கள் இருக்கும், தொடக்கம் இராது. லைன்-1க்கும் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. அந்த 5 இலட்சத்தில் மிகப் பெரும்பாலானவை தலையில்லாத முண்டங்கள். தொடக்கப் பக்கம் இல்லாவிட்டால் அடுத்த பிரதி எடுக்கக் கட்டளையும் இல்லை. ஒரு ஆளின் உடம்பில் இன்னும் பாயக்கூடிய முழுப் பிரதிகள் ஏறக்குறைய 80 முதல் 100 வரைதான். அதிலும் ஒரு சில ‘சூடான’ பிரதிகளே வேலையில் பெரும்பங்கைச் செய்கின்றன.

அலு என்று இன்னொரு கூட்டம். 300 எழுத்து நீளம், 10 இலட்சத்துக்கு மேல் பிரதிகள். சொந்த மெசின் கிடையாது. லைன்-1 அடித்துக்கொண்டிருக்கும்போது இடையில் தன் காகிதத்தை நுழைத்து அடித்துக்கொள்ளும் ரகம். அந்தக் கடை வரிசையில் நின்ற எவருக்கும் இந்த ஆளைத் தெரிந்திருக்கும்.

இது வெறும் வேடிக்கை இல்லை என்பது 1988இல் தெரிந்தது. இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளர் 240 பேரைச் சோதித்த ஹெய்க் கசாசியானின் குழு, இரண்டு பிள்ளைகளில் உறைதலுக்கான பரம்பரையலகுக்குள் புதிதாக ஒரு லைன்-1 வந்து விழுந்திருப்பதைக் கண்டது. பெற்றோரிடம் அந்த இடத்தில் அது இல்லை. நாலு வருடம் கழித்து, 1992இல், பெருங்குடல் கட்டியொன்றில் ஏ.பி.சி என்ற காவல் பரம்பரையலகை இன்னொரு லைன்-1 உடைத்திருந்தது. அதே ஆளின் நல்ல இழையத்தில் அது இல்லை. கட்டிக்குள் நடந்த பாய்ச்சல்.

“அப்ப எனக்கும் அதுதானோ?” என்றார் மாமா.

அவசரப்படவேண்டாம் என்றேன்.

ஸ்டேப்ளர் முள்

நூறு உயிருள்ள நோட்டீசுகள் உள்ளே இருந்தும் நாம் எழுபது எண்பது வயது வரை பெரிய சேதமில்லாமல் வாழ்கிறோம் என்றால், அவற்றை யாரோ அடக்கி வைத்திருக்க வேண்டும். கலம் அதற்குப் பல வழி வைத்திருக்கிறது. முக்கியமானது மெதைலேற்றம். சீ என்ற எழுத்துக்கு அடுத்து ஜீ வரும் இடங்களில், அந்தச் சீயின் மேல் ஒரு காபனும் மூன்று ஐதரசனும் கொண்ட சின்ன முடிச்சொன்றைப் போட்டுவிடுவது. எழுத்து மாறுவதில்லை. ஆனால் பக்கத்தைத் திறந்து வாசிக்க முடியாது. பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துவிட்டது போல.

என் முழுக் கதையும் இந்த ஸ்டேப்ளரில்தான் நிற்கிறது. மகள் சொன்ன ‘பாய்ச்சல்’ கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். சலப்பைப் புற்றுநோயைப் பொறுத்தவரை, பாய்ச்சலைவிட முள் கழன்றதுதான் பெரிய விடயம் என்பது என் எண்ணம்.

கலம் பிரியும்போது முழு நோட்ஸ் கட்டும் பிரதியாகிறது. எழுத்துகள் அப்படியே வரும், முட்கள் வராது. எந்தப் போட்டோக்கொப்பியிலும் ஸ்டேப்ளர் முள் நிழலாகத் தெரியுமே தவிர முள்ளாக வராது. ஆகவே ஒவ்வொரு பிரிவுக்குப் பிறகும் ஒரு நொதியம் வந்து, பழைய இழையைப் பார்த்துப் பார்த்துப் புது இழையில் அதே இடங்களில் முள் அடித்துக்கொண்டு போகவேண்டும். புற்றுக் கலம் அடங்காமல் பிரிந்துகொண்டே இருப்பது. அங்கே இந்தப் பராமரிப்பு குலைந்துவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக முள் குறைகிறது. சலப்பைக் கட்டிகளில் லைன்-1 மேலிருந்த மெதைல் பரவலாகக் கழன்றிருப்பதை ஜெர்மனியின் டுசெல்டோர்ப் ஆய்வாளர்கள் 1996இலேயே எழுதிவிட்டார்கள். அது கட்டி முற்றிய பிறகு மட்டும் வரும் மாற்றம் இல்லை, ஆரம்பநிலைக் கட்டிகளிலும் காணப்படுவது.

சலப்பையில் ஏன் என்று கேட்டால், அந்தப் பையின் வேலையைப் பார்க்கவேண்டும். உள்ளே விரிந்து சுருங்கும் சில அடுக்குக் கலங்களாலான தோல் இருக்கிறது. சலப்பைப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது அந்தத் தோலில் தொடங்குவது. சிகரட் புகை போவது நுரையீரலுக்கு, இதில் சலப்பைக்கு என்ன சம்பந்தம் என்று மாமா பலமுறை வாதாடியிருக்கிறார். புகையிலுள்ள அரோமற்றிக் அமைன்கள் என்ற இரசாயனங்கள் இரத்தத்தில் ஏறி, ஈரலில் உருமாறி, சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டு, கடைசியில் மணிக்கணக்காகத் தங்கிநிற்பது இந்தப் பைக்குள். நுரையீரல் புகையை ஊதிவிடும். சலப்பை அதை ஊறவைக்கிறது. இதே வகை இரசாயனம்தான் 1895இல் பிராங்பேர்ட் சத்திரசிகிச்சை நிபுணர் லுட்விக் றேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் சலப்பையில் கட்டி வருவதைக் கவனித்துச் சொன்னதற்கும் பின்னால் இருந்தது. இன்று உலகத்தில் வருடத்துக்கு 6 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்குப் புதிதாக இந்த நோய் வருகிறது. ஆண்களுக்கு, பெண்களைவிட மூன்று நான்கு மடங்கு. ஏறக்குறைய பாதிக்குச் சிகரட் பொறுப்பு.

புகையும் அழற்சியும் கலத்துக்குள் ஒட்சியேற்ற நெருக்கடியை உண்டாக்கும். தாய்லாந்து ஆய்வாளர்கள் 2018இல் சலப்பைப் புற்றுக் கலங்களுக்கு ஐதரசன் பேரொட்சைட்டைக் கொடுத்துப் பார்த்தபோது லைன்-1 புரதம் கூடியது. ஆய்வுகூடத் தட்டில் நடந்த சோதனை. அதை அப்படியே மாமாவின் நாற்பது வருடத்துக்குப் பொருத்தக்கூடாது. ஆனால் திசை தெரிகிறது.

முள் கழன்றால் நடப்பது

ஒன்று, உண்மையான பாய்ச்சல். 38 வகைப் புற்றுநோய்களின் 2,954 முழு டி.என்.ஏத் தொகுதிகளைப் பார்த்த பெரிய ஆய்வொன்று 2020இல் வந்தது. ஏறக்குறைய 35 வீதமான கட்டிகளில் புதிய பாய்ச்சல்கள் இருந்தன. மொத்தம் 19,000க்கு மேல். முன்வரிசையில் நின்றவை உணவுக்குழாய், தலை-கழுத்து, நுரையீரலின் ஒரு வகை, பெருங்குடல். சலப்பை அந்த நாலில் இல்லை. பாய்ந்தவற்றில் பெரும்பாலானவை விழுந்த இடமும் வெற்றிடம், ஒரு பரம்பரையலகையும் உடைக்காமல் கிடந்தன. சில இடங்களில் மட்டும் கத்தரி வெட்டிய வெட்டு சரியாக மூடப்படாமல், நிறமூர்த்தத்தின் பெரிய பகுதியே அறுந்து போயிருந்தது.

இரண்டாவது எனக்கு இதைவிடச் சுவாரசியமானது. நோட்டீசு எங்கும் பாயாமலே, இருந்த இடத்திலிருந்து செய்யும் கெடுதி.

லைன்-1இன் தலைப்பக்கத்தில் ‘இங்கிருந்து வாசி’ என்று ஒரு அடையாளம் உண்டு. விசித்திரம் என்னவென்றால் அது இருபக்கமும் பார்க்கும். முன்னால் வாசித்தால் லைன்-1. பின்னால் வாசித்தால், பக்கத்தில் எது எழுதியிருக்கிறதோ அது. மெற் என்று ஒரு பரம்பரையலகு இருக்கிறது. கலத்துக்கு ‘வளர்’, ‘நகர்’ என்ற செய்தியை வாங்கிக்கொடுக்கும் வாங்கியைச் செய்வது, புற்றுநோய்களில் பெயர்போனது. அதன் நடுவில், புரதத்துக்கு வேண்டாத ஒரு இடைவெளிப் பகுதியில், எப்போதோ ஒரு காலத்தில் வந்து விழுந்த லைன்-1 ஒன்று கிடக்கிறது. உங்களிடமும் என்னிடமும் அதே இடத்தில் கிடக்கிறது. முள் அடித்திருக்கும்வரை பிரச்சினை இல்லை. 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சலப்பைக் கட்டிகளில் அந்த ஒரு லைன்-1ஐ மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். முள் கழன்றிருந்தது. அதன் பின்பக்க அடையாளத்திலிருந்து மெற் பாதியில் தொடங்கி வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. பாடத்தை ஐந்தாம் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கிய பிள்ளை மாதிரி.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. கட்டியிலிருந்து தள்ளி, கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் தோலிலும் துண்டு எடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் அந்த முள் கழன்றிருந்தது. கட்டி இருந்த சலப்பையின் தோல் முழுவதும் அப்படி.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தது இந்த இடத்தில்தான். “சுரண்டி எடுத்திட்டம் எண்டவை. பேந்து ஏன் மூண்டு மாசத்துக்கு ஒருக்கா குழாயை விடுகினம்?” என்று ஒவ்வொரு கிளினிக்குக்கும் முதல்நாள் இரவு கேட்பவர் அவர். இந்தப் புற்றுநோயின் குணமே திரும்பி வருவது. அதே இடத்தில் மட்டும் இல்லை, அதே பையின் வேறொரு மூலையிலும். ஒரு வயலில் ஒரு செடிக்கு நோய் வந்தால் அந்தச் செடியை மட்டும் பிடுங்கிப் பயனில்லை, மண்ணே பழுதாகியிருக்கலாம் என்ற கணக்கு. மண் பழுதாகியிருக்கிறது என்பதற்கு அந்தக் கழன்ற முட்கள் ஒரு சாட்சி. கட்டி வரமுதலே, அல்லது கட்டியோடு கூட, தோல் முழுவதும் நடந்துவிட்ட மாற்றம். கமரா தேடுவது அடுத்த செடியை.

மூன்றாவது, காவல்காரன் செய்யும் கூத்து. கலத்துக்குள் அப்போபெக் என்று ஒரு நொதியக் குடும்பம் இருக்கிறது. வைரசும் பாயும் துண்டுகளும் பிரதியாகும்போது ஓடிவந்து, ஒற்றை இழையாக நிற்கும் டி.என்.ஏயில் சீ என்ற எழுத்துகளைச் சிவப்புப் பேனையால் திருத்தி வேறொன்றாக்கிப் பழுதாக்குவது அதன் தொழில். நோட்டீசு அடிக்கும்போது குறுக்கே கிறுக்கிவிடும் ஆள். நல்லதுதான். ஆனால் பேனை வழுக்கி நம் சொந்த நோட்ஸிலும் கிறுக்கிவிடுகிறது. இந்தக் கிறுக்கலுக்கு ஒரு கையெழுத்து உண்டு. ரிக்கு அடுத்து வரும் சீயில்தான் பெரும்பாலும் விழும். சலப்பைக் கட்டிகளின் விகாரங்களை, அதாவது டி.என்.ஏ எழுத்து மாற்றங்களை, அமெரிக்காவின் புற்றுநோய் மரபுத்தொகுதி வரைபடத் திட்டம் எண்ணியபோது (2017இல் தசைக்குள் இறங்கிய 412 கட்டிகள்) மிகப் பெரும்பங்கில் இந்தக் கையெழுத்து இருந்தது. நேரடியாகச் சிகரட்டின் கையெழுத்து இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் காவல்காரனின் பேனை மை. அப்போபெக்கைக் கிளப்பிவிட்டது பாயும் துண்டுகள்தானா, பழைய வைரசுத் தொற்றா, வேறு நெருக்கடியா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் அடிபடுகிறார்கள். துண்டுகள் மேல் பழியை முழுதாகப் போட எனக்கு மனமில்லை.

பி53 என்ற மேற்பார்வையாளர் ஒருவரும் இருக்கிறார். டி.என்.ஏயில் சேதம் கண்டால் கலத்தை நிறுத்துபவர், லைன்-1ஐ அடக்குவதிலும் அவருக்குப் பங்குண்டு. அவர் பழுதான கட்டிகளில் பாய்ச்சல் அதிகம். தசைக்குள் இறங்கிய சலப்பைக் கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் அவர் பழுது.

இனி எவருக்கும் வரும் கேள்வி: இவையெல்லாம் நோய்க்குக் காரணமா, நோயின் அறிகுறியா? மேற்பார்வையாளர் போன வீட்டில் நோட்டீசு பறக்கிறது என்பதற்காக, வீட்டை விழுத்தியது நோட்டீசு என்று சொல்லலாமா? பெரும்பாலான பாய்ச்சல்கள் சும்மா பயணிகள் என்பதே என் வாசிப்பு. ஆனால் முள் கழல்வது அப்படியில்லை. அது நிறமூர்த்தங்களை உறுதியிழக்கச் செய்கிறது, மெற்றில் போல வாசிப்பைக் குழப்புகிறது, கட்டி கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் இருக்கிறது.

இதனால் மருந்து வருமா என்றால், வாசல் திறந்திருக்கிறது, ஆள் இன்னும் உள்ளே போகவில்லை. லைன்-1இன் பிரதி மெசினும் எச்.ஐ.வி வைரசின் மெசினும் ஒரே சாதி. அதனால் எச்.ஐ.விக்குக் கொடுக்கும் லமிவுடின் மருந்தைப் பரவிவிட்ட பெருங்குடல் புற்றுநோயில் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் வெளிவந்த அந்தச் சிறிய சோதனையில் 32 பேரில் 9 பேருக்கு நோய் கொஞ்சக் காலம் கூடாமல் நின்றது. சலப்பைக்கு அது சிகிச்சை இல்லை. யாரும் பாமசியில் போய்க் கேட்டுவிடாதீர்கள். லைன்-1இன் உறைப் புரதம் நல்ல இழையங்களில் அநேகமாகத் தென்படாது, ஆனால் புற்றுநோய்களில் பாதிக்குக் கிட்டத் தென்படும். ஆகவே அதை இரத்தத்தில் துளியளவில் பிடித்து நோயை முன்கூட்டியே காணலாமா என்ற முயற்சி நடக்கிறது.

இன்னொரு வழி நேரெதிரானது. முள்ளை இன்னும் கழற்றிவிடுவது. மெதைலை நீக்கும் மருந்து கொடுத்தால், நம் டி.என்.ஏக்குள் நோட்டீசுகளோடு புதைந்துகிடந்த பழைய வைரசு எச்சங்கள் விழித்து, கலத்துக்குள் வைரசு வந்ததுபோலச் சத்தம் போடுகின்றன. எதிர்ப்பாற்றல் படை ஓடிவருகிறது. 2015இல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியே காட்டின. கள்ளனை வைத்தே பொலிசைக் கூப்பிடுவது.

மாமாவுக்கு இதை விளங்கப்படுத்த அவருடைய சிகிச்சையே கைகொடுத்தது. சுரண்டிய பிறகு கிழமைக்கொரு தடவையாக ஆறு தடவை அவருடைய சலப்பைக்குள் பி.சி.ஜி என்ற காசநோய்த் தடுப்பு மருந்தை விட்டார்கள். “பிள்ளையளுக்குத் தோள்ல போடுற ஊசியோ?” என்று தாதியிடம் கேட்டு அவரைச் சிரிக்க வைத்தவர். அதேதான். கனடாவில் அல்வாரோ மொராலெஸ் 1976இல் எழுதியதிலிருந்து, உயிருள்ள அந்தப் பலவீனக் கிருமியைச் சலப்பைக்குள் விட்டுப் படையைத் தட்டியெழுப்புவது வழக்கமாகிவிட்டது. வெளியிலிருந்து ஒரு சத்தம். மெதைல் நீக்கும் வழியில் அந்தச் சத்தம் உள்ளேயிருந்து வரும்.

ரயில் மறுபடியும் போனது. மாமா இளநீரின் அடியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“நீர் உந்த நோட்டீசைப் பற்றிச் சொன்னனீர் எல்லோ,” என்றார் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு. “எழுவத்தெட்டிலயோ ஒம்பதிலயோ கடைக்கு ஒண்டு வந்தது. நூறு அடிச்சுக் குடுக்கச் சொல்லி. நான் முதலாளிக்குக் காட்டாமக் கிழிச்சுப் போட்டனான். அதால வந்ததா இருக்குமோ?”

“இல்லை மாமா. அதைக் கிழிச்சுப்போட்டு ஒரு சிகரட்டைப் பத்த வைச்சீங்களே, அதால.”